கடைசி இருநூறு மீட்டருக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் சைக்கிள் பந்தய வீரர் மார்க் கேவண்டிஷ் பற்றிய உங்கள் குறிப்பில் அவரை பெல்ஜியத்தின் பழம்பெரும் வீரர் எடி மெர்க்சுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். 2024 நவம்பரில் நம் சிங்கப்பூரின் மரினா பேயில் அவர் ஓட்டிய கடைசிப் பந்தயத்தைத் தடுப்பு வேலியோரம் நின்று நானும் பார்த்தேன். ஆனாலும் மலையில் எப்போதும் கடைசியில் வருகிறவர், சக வீரர்கள் காற்றை மறைத்து அழைத்துவர, இறுதி இருநூறு மீட்டர் மட்டும் பாய்ந்து வெல்கிறவர். அவரை மெர்க்சோடு ஒப்பிடலாமா?

வாசகர், பிடோக்

அன்புள்ள நண்பருக்கு,

பாதியை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். அதில் மெர்க்ஸ் வென்ற 34 கட்டங்களில் மலை, சமவெளி, தனிநபர் நேரப் போட்டி எல்லாம் உண்டு. ஐந்து முறை பந்தயத்தையே வென்றவர் அவர். கேவண்டிஷின் 35 வெற்றிகளும் சமவெளியில் கூட்டமாக வந்து முடியும் கட்டங்களில் கிடைத்தவை. எண்ணிக்கையில் ஒன்று கூடியதால் அவர் மெர்க்சைவிடப் பெரிய வீரர் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் குறையாகச் சொன்ன அந்த மலைதான் என்னை அவரிடம் இழுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும், வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி ஒரு நேர வரம்பு வைப்பார்கள். அதைத் தாண்டி வருகிறவர் மறுநாள் ஓட முடியாது. கேவண்டிஷ் போல இறுதியில் பாய்ந்து வெல்லும், உடல் கனத்த விரைவோட்டக்காரர்களுக்கு இது வாரக்கணக்கில் தொடரும் கண்டம். அவர்கள் பின்னால் சேர்ந்து ஏறும் கூட்டத்துக்குப் பந்தய வட்டாரத்தில் 'பேருந்து' என்றே பெயர். நம்முடைய புக்கித் தீமா 163 மீட்டர். 2024 ஜூலை 2ஆம் தேதி டூரில் அவர் கடந்த, ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாய் 2,642 மீட்டர். மறுநாள்தான் சாங் வுல்பாவில் முப்பத்தைந்தாவது வெற்றி. அதற்கு நான்கு நாள் முன்பு, ரிமினிக்குப் போகும் முதல் கட்டத்திலேயே, வெயிலில் சைக்கிள் மீதிருந்தபடி வாந்தி எடுத்து, உடனிருந்த அணியினரின் துணையோடு வரம்புக்குள் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 39.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஃபேபர் குன்றில் ஏறும்போது நான்தான் வால். மோவாயில் எச்சில் தொங்க, துடைக்கக் கையை எடுத்தால் வண்டி சாய்ந்துவிடும் என்ற பயத்தோடு ஏறுகிறவன். அதனால் எனக்கு வால்பக்கம் ஓட்டுகிறவர்கள் மீது சற்றுப் பட்சபாதம் உண்டு; இதைக் கழித்துவிட்டே என் கணக்கைப் படியுங்கள்.

அந்த நேர வரம்பு அவரைக் கைவிட்டதும் உண்டு. 2018 டூரில் லா ரோசியேர் மலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி வெளியேற்றப்பட்டார். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்திய ஆண்டுகள் அவை. 2016இல் 30 என்று நின்ற அவரது டூர் கட்ட வெற்றிகளின் எண்ணிக்கை ஐந்தாண்டுகள் நகரவே இல்லை. 2020இல் ஒரு பந்தயம் முடிந்ததும், இதுவே தன் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதார். மறு ஆண்டு, சக அணி வீரர் சாம் பென்னட்டின் முழங்கால் காயத்தால் காலியான இடத்தில் கடைசி நேரத்தில் டூர் அணியில் சேர்க்கப்பட்டு, நான்கு கட்டங்களையும், புள்ளிகளில் முதலிடம் பெறுகிறவருக்குத் தரும் பச்சைச் சட்டையையும் வென்றார்.

மரினா பேயில் அவர் வென்றாலும் அது காட்சிப் பந்தயம். அதை நாம் இருவருமே கணக்கில் சேர்க்க வேண்டாம். சக வீரர்கள் பற்றி நீங்கள் சொன்னது, அணித் தோழர் மார்க் ரென்ஷா அவரை இழுத்துவந்த ஆரம்ப ஆண்டுகளுக்குப் பெரிதும் பொருந்தும். சாங் வுல்பாவின் கடைசிக் கிலோமீட்டரை ஒருமுறை காணொளியில் பாருங்கள்: எதிரணியினரின் பின்சக்கரங்களை ஒன்றுவிட்டு ஒன்று பிடித்துத் தாமே இடம் தேடி முன்னேறுகிறார்.