ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களில் கைத்தொழில் ஊர்களைக் காட்டுபவை உண்டா? உங்களுக்குப் பிடித்தது எது?

நிறைய உண்டு. என் ஓட்டு ஓவியர் ஹிரோஷிகேயின் 'நருமி'க்கு. இன்றைய டோக்கியோவான எதோவிலிருந்து கியோட்டோ போகும் தொகாய்தோ சாலையில் 53 தங்கல் ஊர்கள். 1833-34 வாக்கில் அவற்றை வரிசையாக வரைந்தார். இந்தப் படத்தின் தலைப்பில் நருமி என்று இருந்தாலும், படத்தில் இருப்பது அதை ஒட்டிய அரிமட்சு என்ற சிற்றூர்.

அரிமட்சு மண் விவசாயத்துக்கு லாயக்கில்லை. வழியில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்பதற்காக 1608-இல் அந்த வட்டாரமான ஓவாரியின் ஆட்சியாளர்கள் குடியேற்றிய ஊர் அது. அப்புறம் வயிற்றுப்பாட்டுக்கு? பக்கத்து நகோயாவில் கோட்டை கட்ட வந்த கியூஷு தீவு ஆட்களிடம் முடிச்சுச் சாயத் துணியைப் பார்த்து, தகேதா ஷோகுரோ என்பவர் அந்தத் தொழிலைத் தொடங்கினார் என்பார்கள். பருத்தித் துணியை நூலால் இறுக்கி முடிந்து அவுரிச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நம்ம சுங்குடி மாதிரிதான். அதில் கைத்துண்டு செய்து வழிப்போக்கர்களுக்கு விற்றார்கள். ஊர் பிழைத்துக்கொண்டது.

படத்தில் கடைகளில் சாயத் துணிகள் தொங்குகின்றன, சாலையில் பெண்கள் போகிறார்கள். கடைத் திரையை உற்றுப் பாருங்கள்: 'ஹி', 'ரோ' என்ற இரண்டு எழுத்துகளைக் கோத்து ஒரு முத்திரை இருக்கும். ஓவியர் தன் பெயரையே கடைச் சின்னமாக்கிவிட்டார்! ஊர்ச் சரக்குக்கான விளம்பரத்தோடு சொந்த விளம்பரமும் ஆயிற்று.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முடிச்சுப் போடும் கை ஒன்றுகூடப் படத்தில் இல்லை. அந்த நுணுக்கமான வேலை வீடுகளுக்குள் நடந்தது. சாலையில் போகிறவர் கண்ணில் படுவது கடை மட்டுந்தானே. உழைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இதே தொடரின் 'மினாகுச்சி'க்குப் போங்கள். பெண்கள் சுரைக்காயை நாடா நாடாவாகச் சீவிக் கயிற்றில் காயப்போடுகிறார்கள், ஒருத்தியின் முதுகில் குழந்தை. இன்னொரு ஓவியர் ஹொகுசாய் வரைந்த ஓவாரிப் படமும் அருமை: பெரிய மரத்தொட்டிக்குள் புகுந்து ஒருவர் இழைத்துக்கொண்டிருக்க, அந்த வட்டத்துக்குள் ஃபூஜி மலை குட்டி முக்கோணமாகத் தெரியும்.

அரிமட்சு இப்போது நகோயா நகருக்குள் வந்துவிட்டது. 1784 தீ விபத்துக்குப் பின் ஓடு வேய்ந்து, கனத்த சுதை பூசிக் கட்டிய கடைவீடுகளை அந்தத் தெருவில் இன்றும் பார்க்கலாம். ஊரிலேயே ரயில் நிலையம் இருப்பதால் போவது எளிது.