மைத்துனரின் ஓட்டலுக்கு இன்னும் மூன்று லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 54,000 ரூபாய். என் மைத்துனர் மதுரை செல்லும் சாலையில் பரோட்டா ஓட்டல் நடத்துகிறார். அவருக்காக முதலில் வங்கியில் தனிநபர் கடன் வாங்கி 2,50,000 ரூபாய், பிறகு ஏலச்சீட்டை எடுத்து 2,00,000, கடைசியாக மனைவியின் எட்டுப் பவுன் நகையை அடகு வைத்து 2,00,000 கொடுத்தேன். ஓட்டல் இன்னும் நட்டத்தில்தான் ஓடுகிறது (வரவு செலவை இணைத்துள்ளேன்). இன்னும் 3,00,000 கொடுத்தால் ஏசி அறை போட்டுத் தூக்கி நிறுத்திவிடலாம் என்கிறார். தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கிடைக்கும். கடன் கொடுப்பவர் என் பெயரில் செக் கேட்கிறார். இப்போது நிறுத்தினால் போட்ட பணமெல்லாம் வீணாகிவிடுமே என்று தவிக்கிறேன். மூன்று முறை அடி வாங்கியவன் நான்காவது முறை கட்டாயம் எழுந்துவிடுவான் என்கிறார் மாமியார். கொடுக்க மறுத்தால் உறவே அறுந்துவிடும். விட்டதைப் பிடிக்கப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் செய்யலாம் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வட்டிக் கணக்கையோ சேமிப்பின் அருமையையோ ஒரு கணித ஆசிரியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, "இப்போது நிறுத்தினால் போட்ட பணமெல்லாம் வீணாகிவிடுமே" என்ற வரி. முதல் கடனுக்குப் பின்னால் சீட்டை எடுக்க வைத்ததும், சீட்டுக்குப் பின்னால் மனைவியின் நகையைக் கழற்ற வைத்ததும் இந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஐந்தாவது முறையும் ஆறாவது முறையும் கொடுப்பீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் "போட்ட பணம்" கூடிக்கொண்டே போகும். அது கூடக் கூட, நிறுத்துவதும் கடினமாகிக்கொண்டே போகும்.

நீங்கள் கொடுத்த 6,50,000 ரூபாய், மேலும் கொடுத்தாலும் செலவாகிவிட்ட பணம், கொடுக்காவிட்டாலும் செலவாகிவிட்ட பணம். சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண் இருந்தால் அதை அடித்துவிட்டு மேலே போக வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதையே செய்யுங்கள். பொருளாதாரத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் அரசாங்கங்களே இதில் விழுந்திருக்கின்றன. 1962-இல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாகத் தொடங்கிய கான்கார்ட் விமானத் திட்டத்தில் செலவு கட்டுக்கடங்காமல் ஏறிய பிறகும், இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற எண்ணம் அதைத் தொடர்வதற்கு ஒரு காரணமாயிற்று. கடைசியில் அந்த இரண்டு நாட்டு விமான நிறுவனங்களில் பறந்தவை 14 விமானங்கள் மட்டுமே. இந்தத் தவறான சிந்தனைக்கே கான்கார்டின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதைத் தவறாமல் சரியாகச் செய்பவர்களைப் பார்க்க வேண்டுமானால், ஒரு நாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் நண்பகல்வரை நின்று பாருங்கள். காலையில் கிலோ 900 ரூபாய்க்கு மல்லிகை எடுத்த ஒரு வியாபாரி, வரத்து கூடி விலை 500-க்கு இறங்கிவிட்டால், 900-க்கு எடுத்தேனே என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. சாயங்காலம் மொட்டு விரிந்துவிடும், நாளை அதை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே 500-க்குத் தள்ளுவார், அதுவும் போகாவிட்டால் செண்ட் கம்பெனி கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போவார். எடுத்த விலை அவர் நினைவில் இருக்கும், வலிக்கவும் செய்யும், ஆனால் விற்பதா வேண்டாமா என்ற முடிவில் அதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை. உங்கள் மைத்துனரின் ஓட்டல் ஒரே நாளில் வாடாததால்தான் உங்களுக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை.

இனி பழைய பணத்தை மறந்துவிட்டு, இன்று கேட்கும் 3,00,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய கணக்கின்படி ஒரு நாள் விற்பனை சுமார் 6,500 ரூபாய், மாதம் 28 நாளுக்கு 1,82,000. சரக்குக்கு அதில் பாதி, 91,000. வாடகை 18,000, மாஸ்டர் உள்ளிட்ட ஆட்களின் சம்பளம் 62,000, கேஸ், மின்சாரம், சில்லறைச் செலவு 26,000. ஆக மொத்தம் 1,97,000. மாதம் 15,000 நட்டம். மைத்துனர் தன் வீட்டுக்காக எடுத்துக்கொள்வது இதில் சேரவே இல்லை. அவர் கேட்கும் பணத்திலும் 1,40,000 மளிகை, கறிக்கடை, வாடகை பாக்கிகளை அடைக்கப் போகிறது; ஏசி அறைக்கு மிஞ்சுவது 1,60,000. பாக்கியை அடைப்பதால் கூடுதலாக ஒரு பரோட்டாவும் விற்கப்போவதில்லை என்பதால், பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு முழுக் கடனுக்கும் சம்பாதித்தாக வேண்டும்.

நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்பது காதுக்குச் சிறியதாக ஒலிக்கும். 3,00,000-க்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000, அதுவும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். நட்டம் 15,000-ஐயும் ஈடுகட்டி இந்த 6,000-ஐயும் ஓட்டலே கட்ட வேண்டுமானால் மாதம் 21,000 கூடுதலாகத் தேறவேண்டும். விற்பனையில் பாதி சரக்குக்கே போய்விடுகிறது என்பதால் அதற்கு 42,000 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை, அதாவது நாளொன்றுக்கு 1,500 வேண்டும். அசலை மூன்று வருடத்தில் அடைப்பதாக இருந்தால் நாளுக்கு இன்னும் 600. ஆக 6,500 என்பது தினமும் 8,600 ஆக வேண்டும். ஏசிக்கு ஏறும் மின்கட்டணத்தை நான் இதில் சேர்க்கவில்லை. சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர இரண்டு வருடத்தில் விற்பனை 7,000-ஐத் தாண்டியதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏசி அறை அந்த வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்பதற்கு மைத்துனரிடம் நம்பிக்கையைத் தவிர வேறு ஆதாரம் எதையும் உங்கள் கடிதத்தில் காணவில்லை. அப்படி ஓர் ஆதாரம் இருந்திருந்தால், பழைய நட்டம் எவ்வளவாக இருந்தாலும் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். வங்கித் தவணை சுமார் 5,560, சீட்டுக்கு 8,000, நகைக் கடன் வட்டி 1,600 என்று ஏற்கெனவே மாதம் 15,000-க்கு மேல் போகிறது. இந்த வட்டியும் சேர்ந்தால் 21,000, சம்பளத்தில் ரூபாய்க்கு நாற்பது பைசா. அடுத்த ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள்.

மாமியார் சொல்லும் "நான்காவது முறை கட்டாயம்" என்ற பேச்சு பாசத்தில் வருவது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிகழ்தகவு நடத்தும் நீங்கள் அதை ஒரு காரணமாக எழுதியதுதான் எனக்கு வருத்தம். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், கறுப்பும் சிவப்புமாகக் கட்டங்கள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பணம் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். முந்தைய தோல்விகளை அந்தச் சக்கரம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஓட்டல் சூதாட்டம் இல்லை, அங்கே தோல்விக்குக் காரணங்கள் உண்டு; அந்தக் காரணங்களில் எது மாறியிருக்கிறது என்று சொல்ல முடியாதபோது, நான்காவது முறையும் முதல் மூன்று முறையைப் போலவே நடக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

கொடுத்தால் உறவு, மறுத்தால் பகை என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொள்வது அடுத்த பிழை. இடையில் வழி இருக்கிறது. மைத்துனர் வேறு வேலையில் நிலைக்கும்வரை ஆறு மாதத்துக்கு அவர் வீட்டு மளிகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் மாதம் 4,000 ரூபாய் நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். அது 24,000 ரூபாய். திரும்ப வரும் என்று எதிர்பார்க்காமல், மாமியார் அறியக் கொடுங்கள். "வாத்தியாருக்கு வியாபாரம் என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் மனம் கலங்க வேண்டாம். கேட்பவர் யாராக இருந்தாலும் 1,82,000-இலிருந்து 1,97,000-ஐக் கழித்தால் வருவது அதேதான்.

நண்பரின் யோசனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தைகளை மேற்பார்வையிடும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள்; மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஆசிரியர் அறையில் லாபம் வந்தவரின் பேச்சுதான் கேட்கும், இழந்தவர் வாய் திறப்பதில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அங்கே போகிறவர் ஓட்டலில் செய்த அதே தவறை இன்னும் வேகமாகச் செய்வார். வேண்டவே வேண்டாம்.

செக் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். நிரப்பாத செக்கோ புரோநோட்டோ கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின் கீழ் இரண்டு வருடம்வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு, வழக்கில் நிற்கப்போவது மைத்துனர் அல்ல, நீங்கள்.

இந்த வாரமே மனைவியோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசுங்கள். போனது அவருடைய நகை, எதிரில் இருப்பது அவருடைய தம்பி. பிறகு இருவருமாகப் போய் மைத்துனரிடம் கடையைக் காலி செய்யச் சொல்லுங்கள். கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ் 1,50,000. ஃபிரிட்ஜ், கல், பாத்திரம், மேசை நாற்காலிகளைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்தால் 55,000 தேறலாம். பாக்கி 1,40,000-ஐ அடைத்த பிறகு கையில் 65,000 மிஞ்சும். இன்னும் நான்கு மாதம் தள்ளினால் மாதம் 15,000 வீதம் அதில் 60,000 கரைந்துவிடும். அதனால் ஒப்பந்தப்படி எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

மிஞ்சுகிற பணத்தை நகைக் கடனில் கட்டி, அதற்கு ஈடாக எத்தனை உருப்படி திருப்ப முடியுமோ அத்தனையைத் திருப்புங்கள். மாஸ்டர் வராத நாட்களில் மைத்துனரே கல்லில் நிற்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைத்தொழில் தெரிந்தவருக்கு மதுரையில் வேலை கிடைக்காமல் போகாது. அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் நகைக் கடனின் வட்டியை மட்டும் மாதாமாதம் அவரே அடகுக் கடையில் நேராகக் கட்டட்டும். ரசீதை உங்களிடம் கொடுக்க வேண்டாம், தன் அக்காவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.