பீர்ஃபெஸ்ட்: குடிக்கிறவர் யார், ஊற்றிக் கொடுக்கிறவர் யார்?

2006இல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம் ‘பீர்ஃபெஸ்ட்’. தாத்தாவின் அஸ்தியோடு மியூனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவுக்குப் போகும் அண்ணன் தம்பி இருவர், அங்கே ரகசியமாக நடக்கும் உலகக் குடிப்போட்டியில் ஜெர்மன்காரர்களிடம் அவமானப்பட்டு, ஊர் திரும்பி ஐந்து பேர் அணி திரட்டுகிறார்கள். படம் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

இயக்குநர் நம்ம ஊர்க்காரர் என்கிறார்களே, உண்மையா சார்? (திருச்சி)

பிறந்தது 1968இல் சிகாகோவில். குடும்பம் தமிழ்க் குடும்பம். முழுப்பெயர் ஜெயந்த் ஜம்புலிங்கம் சந்திரசேகர். கோல்கேட் பல்கலைக்கழகத்தில் (ஆமாம், பற்பசைக் குடும்பத்தின் பெயர்தான்) படித்த ஐந்து நண்பர்கள் சேர்ந்த ‘புரோக்கன் லிசார்ட்’ குழுவில் ஒருவர். எழுதுவதும் நடிப்பதும் ஐவரும்தான். ‘சூப்பர் ட்ரூப்பர்ஸ்’ படத்தில் அவர் நடித்த போலீஸ்காரரின் பெயரே ஆற்காட் ராமதோர்ன்.

இதில் அவருக்குக் கிடைத்த வேடம் பாரி பத்ரிநாத். தெருவில் உடம்பை விற்றுப் பிழைக்கும் குடிகாரன். ஓர் இந்தியரை இப்படிக் கேவலப்படுத்தலாமா? (மதுரை)

கிடைத்த வேடமில்லை, எடுத்துக்கொண்ட வேடம். இயக்குநர் அவர்தானே! அன்றைய ஹாலிவுட்டில் மாநிறத்தவன் என்றால் டாக்டர், கடைக்காரர், டாக்சி ஓட்டுநர். இவருடைய அப்பா அம்மா நிஜமாகவே டாக்டர்கள். அவர்கள் பிள்ளை கேமரா முன்னால் வந்து, குடி விளையாட்டில் ஒரு காலத்துச் சூரனாக, இப்போது மானம் போனவனாக நிற்கிறார். உச்சரிப்புக் கிண்டல் இல்லை, கறி வாசனை ஜோக் இல்லை, பாரி எந்த நாட்டுக்காரன் என்று நண்பர்கள் யாரும் நோண்டுவதில்லை. வெள்ளைக்கார நடிகனுக்கு எப்போதும் இருந்த உரிமை, உருப்படாதவனாக இருக்கும் உரிமை, இங்கே ஒரு ஜம்புலிங்கத்துக்கும் கிடைக்கிறது. எனக்கு இதில் கேவலம் தெரியவில்லை.

அப்படியானால் பெண்களுக்கு? (கோவை)

அங்கேதான் படம் சறுக்குகிறது. சொல்லிக்கொள்ளும்படியான வேடம் இரண்டே இரண்டு. கொள்ளுப்பாட்டியாக கிளோரிஸ் லீச்மன். அவர் பழைய வாழ்க்கை பாலியல் தொழில் என்பதே ஜோக். செர்ரியாக மோனிக், காதலியாக நுழைந்து உளவாளியாக முடிகிறார். குண்டான கறுப்பினப் பெண்ணை ஆசையோடு பார்ப்பதே சிரிப்பு என்று காட்சி வைத்திருக்கிறார்கள். லீச்மன் அதற்கு முன்பே ஆஸ்கர் வாங்கியவர். மோனிக் நாலே வருடத்தில், 2010இல், ‘பிரஷஸ்’ படத்துக்காக வாங்கினார். இப்படி இரண்டு பேரைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவுதான் செய்யத் தோன்றியிருக்கிறது. அணியில் குடிக்கப் பெண் கிடையாது; மற்றப் பெண்கள் கோப்பையோடும் திறந்த மார்போடும் கடந்து போகிறார்கள். எழுதிய ஐவரும் ஆண்கள், கல்லூரிக் கூட்டாளிகள். பாரியைப் பற்றிப் பேச எழுத்து மேசையில் ஒருவர் இருந்தார், செர்ரிக்கு யாரும் இல்லை.

அணியில் வரும் யூத விஞ்ஞானி ஃபிங்க்? (சென்னை)

யூதன் என்றால் மூளைக்காரன் என்ற அரதப்பழசு அச்சு. சில இடங்களில் சிரித்தேன். அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

ஜெர்மன்காரர்களை இப்படி வில்லனாக்கினால் கோபம் வராதா? (யாழ்ப்பாணம்)

வில்லன் பாரனாக (ஜெர்மன் பிரபு) வரும் யூர்கன் புரோக்னோவ் ஜெர்மன்காரரே. 1981இல் ‘தாஸ் பூட்’ படத்தில் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டனாக உலகப் புகழ் பெற்றவர். இதிலும் அவரை நீர்மூழ்கிக்குள் ஏற்றிக் கிண்டலடிக்கிறார்கள். ஆனால் அவர் அணியில் வில் ஃபோர்டே, நாட் ஃபாக்சன் என்று அமெரிக்கர்களே தொண்டை கனக்க ஜெர்மன் உச்சரிப்பு போடுகிறார்கள். பாரிக்குச் செய்யாத உச்சரிப்புக் கிண்டலை இவர்களுக்கு வஞ்சனையில்லாமல் செய்திருக்கிறார்கள். வெள்ளையரைக் கேலி செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

பூட்ஸ் வடிவத்தில் வரும் அந்தக் கண்ணாடி பீர் கோப்பை நிஜமாக உண்டா? (சேலம்)

உண்டு. பூட்ஸின் கால்விரல் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக் குடித்தால், பீர் குறைந்து கணுக்கால் வரை வந்ததும் காற்று உள்ளே புகுந்து ‘குபுக்’கென்று மிச்சத்தை முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாம். படத்தின் போட்டியே இந்தச் சூட்சுமத்தில்தான் நிற்கிறது.

குடியைக் கொண்டாடுகிற படத்தில் இதெல்லாம் தேடணுமா சார்? (ஈரோடு)

கொண்டாடத்தான் செய்கிறது. அணியில் ஒருவன் பீர் தொட்டியில் மூழ்கிச் சாகிறான். அடுத்தாற்போல் அவனுடைய இரட்டைச் சகோதரன் வந்து, அதே பெயரில் என்னைக் கூப்பிடுங்கள் என்கிறான். துக்கத்துக்கு ஒரு காட்சிகூடத் தாங்காத படம். ஆனால் யாரோடு உட்கார்ந்து குடிக்கிறோம் என்பதில்தான் ஒரு சமூகம் யாரைச் சமமாக நினைக்கிறது என்று தெரியும். அதனால் தேடுகிறேன்.

இரண்டாம் பாகம் வருமா? (திருநெல்வேலி)

படம் முடியும்போது ஆம்ஸ்டர்டாமில் பாடகர் வில்லி நெல்சன் வந்து, அடுத்து கஞ்சாப் போட்டி என்று கொக்கி போடுவார். அது வெறும் ஜோக். எடுத்தால், எழுத ஒரு பெண்ணையும் கூப்பிடட்டும்.