வாசகர் கேள்வி – பதில்: பவளப்பாறை ஓரம் மூன்று இரவுகள்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் தியோமான் தீவில் மூன்று இரவுகள் கூடாரம் போட்டுத் தங்கி, பவளப்பாறைகளுக்கு மேல் ஸ்நோர்கலிங் செய்யலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். மகன் உயர்நிலை 1, மகள் தொடக்கநிலை 3. இருவருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும். எனக்கு அவ்வளவாகத் தெரியாது. மாமியாரும் உடன் வருகிறார். என்னென்ன பொருள்கள் வாங்க வேண்டும்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: பொருள்கள் இருக்கட்டும், முதலில் மாதத்தை மாற்றுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் மோதும் காலம். அப்போது படகுச் சேவை திடீரென்று நிறுத்தப்படும், தீவில் பல தங்குமிடங்கள் பூட்டிக் கிடக்கும், பணம் செலவழித்து அங்கே போய்ச் சேர்ந்தாலும் அலை கலக்கிய நீரில் உங்கள் கை விரலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நம் பிள்ளைகளின் மிக நீண்ட விடுமுறை சரியாக அந்த நேரத்தில் வருவது வருத்தந்தான். ஜூன் விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள்.

தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங், ஜோகூர் பாருவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதால் கடல் நீர் ஏறி வற்றுவதைப் பொறுத்துப் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைத் தெரிந்துகொண்ட பிறகே வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சொந்தக் காரில் போவதாக இருந்தால், மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுவதையும், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது எண்ணெய்த் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட பொருள்கள். நால்வரும் பவளப்பாறை மீது ஒரு முறைகூடக் காலூன்றாமல் மிதக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாங்குவதெல்லாம் அதற்குத் துணை செய்பவை மட்டுமே. பாறை என்று நாம் சொல்வது சில மில்லிமீட்டர் அளவே உள்ள எண்ணற்ற உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய குடியிருப்பு. உருண்டையாக வளரும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும் என்பதால், கால்பந்து அளவுள்ள ஓர் உருண்டைக்குக் கிட்டத்தட்ட உங்கள் மகனின் வயது இருக்கும். அதன்மேல் நின்றால் அதுவும் சிதையும், காலும் கிழியும். பவளம் கீறிய புண் எளிதில் ஆறாது.

யாரும் வேண்டுமென்றே அதன்மேல் நிற்பதில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் ஸ்நோர்கலிங் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, மூக்கில் ஏறி, பதறிப் போய்க் காலைக் கீழே ஊன்றுவதுதான் வழக்கம். ஆகவே கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துக் கையை எடுத்தால், அது கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் அங்கேதான் நீர் கசியும். மீசையை எடுக்க மனமில்லாமல் ஒரு முழு நாள் உப்புத் தண்ணீர் குடித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். முகம் முழுவதையும் மூடும் வகையைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். வெளிவிட்ட மூச்சுக்காற்று சரியாக வெளியேறாமல் உள்ளேயே தங்கும் ஆபத்து அதில் உண்டு.

கிளம்புவதற்கு முன் நான்கைந்து வார இறுதிகளில் பக்கத்து நீச்சல் குளத்துக்குப் போய், முகத்தை நீரில் கவிழ்த்துக் குழாய் வழியாகப் பத்து நிமிடம் நிதானமாக மூச்சு விடவும், குழாயில் புகுந்த நீரை ஒரே ஊதலில் வெளியேற்றவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும் பழகுங்கள். உங்களுக்கும் மகளுக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். மாமியார் ஏமாற வேண்டியதில்லை. தீவின் முக்கியக் கிராமமான தெக்கேக்குக்கு அருகிலுள்ள கடல் பூங்கா நிலையத்தின் படகுத்துறையில் நின்று குனிந்து பார்த்தாலே மீன் கூட்டம் தெரியும். ரொட்டித் துண்டு மட்டும் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கினால் பவளம் வெளுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஈசூன் வாசகர்

பதில்: ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்களில் ஒன்றேனும் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாயில் 2021 முதல் தடை இருக்கிறது, தாய்லாந்தும் அதே ஆண்டில் தன் கடல் தேசியப் பூங்காக்களில் அவற்றுக்குத் தடை விதித்தது. ஆனால் பவளம் பெருமளவில் வெளுப்பதற்கு முதற்காரணம் கடல் சூடாவதுதான். வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே, பவளத்தின் திசுக்களில் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. 2010இல் இப்படி நேர்ந்தபோது தியோமானில் சில முக்குளிப்பு இடங்கள் சில மாதங்கள் மூடப்பட்டன. 2024இல் சிங்கப்பூர்ப் பவளங்களும் வெளுத்தன. உங்கள் பங்குக்கு முழுக்கை நீச்சல் உடையும் முழங்கால் தாண்டிய கால்சட்டையும் அணியுங்கள். கவிழ்ந்து மிதப்பவருக்கு முதலில் வேகுவது பின்தொடையும் பிடரியுந்தான்; துணியைப் போலப் பூச்சு அங்கே நிலைப்பதில்லை.

கேள்வி: கடற்கரையில் கூடாரத்தை எங்கே அடிப்பது?
– புக்கிட் பாஞ்சாங் வாசகர்

பதில்: அனுமதி உள்ள முகாம் இடத்திலோ, தங்குமிட உரிமையாளரைக் கேட்டு அவர் காட்டும் இடத்திலோ அடியுங்கள். மணலில் காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். நீர் அதுவரை ஏறி வந்திருக்கிறது என்று பொருள், அதற்கும் மேலே போங்கள். தென்னை மரத்தடி வேண்டாம். அதிகாலையிலும் அந்தியிலும் மணல் ஈக்கள் கடிக்கும், தடிப்பு நாள்கணக்கில் அரிக்கும். அந்த நேரத்தில் முழங்கால் தெரிய மணலில் உட்காராதீர்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லதே, ஆனால் குரங்குகள் கூடாரத்தையே கிழித்து எடுத்துவிடும் என்பதால் உணவை இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். தியோமானின் ஜுவாரா பக்கம் தங்கினால், ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

கேள்வி: கரை ஒதுங்கிய பவளத் துண்டை வீட்டுக்கு எடுத்து வரலாமா?
– தெம்பனிஸ் மாணவி

பதில்: கூடாது. தியோமானைச் சுற்றி 2 கடல் மைல் வரை பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் மலேசியாவுக்குத்தான் போக வேண்டுமா?
– செங்காங் வாசகி

பதில்: நம் கடலிலேயே 250க்கும் மேற்பட்ட கடின பவள வகைகள் இருக்கின்றன. குறை, தண்ணீரின் தெளிவில்தான். வண்டல் கலந்த நம் நீரில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது, ஆகவே முதன்முறை ஸ்நோர்கலிங் செய்யும் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கலாம். 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவின் பெரிய தீவு, மேம்பாட்டுப் பணிகளுக்குப் பிறகு 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது; மரினா சவுத் படகுத்துறையிலிருந்து போகலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டியுடன் கூடிய நடைக்கு இடம் கிடைத்தால், நீர் வற்றிய நேரத்தில் பவளத்தையும் கடல் சாமந்தியையும் கால் நனையும் ஆழத்திலேயே காணலாம். ஜூரோங் வெஸ்ட் வாசகி டிசம்பரில் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் இதுவே. மூடிய காலணி போட்டுக்கொண்டு, வழிகாட்டி மிதிக்கும் இடத்தில் மட்டும் மிதிக்கச் சொல்லுங்கள்.