மறு அடகில் ஓடும் ரயில்

கேள்வி: ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று மண்டபம் என்ற ஊரில் குடியிருக்கிறேன். ஓய்வூதியம் மாதம் 36,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023-இல் தொடங்கிய இரண்டு கணக்குகளில் முறையே 6 லட்சமும் 9 லட்சமும் இருக்கின்றன. மண்டபம், பாம்பன் பாலம், ராமேஸ்வரம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி நிலையம் ஆகியவற்றை எச்.ஓ. அளவில் (உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு) பெரிய மாதிரி ரயில் லேஅவுட்டாகக் கட்டி, ஆண்டுக்கு ஐந்து முறை பொதுமக்களுக்குக் காட்சி நடத்துகிறேன். இதற்காக 2021-இல் மனைவியின் 12 பவுன் நகையை வைத்து 1,80,000 ரூபாய் கடன் வாங்கினேன். ஆண்டுதோறும் பழைய கடனை முடித்து, ஏறிய விலைக்கு அதே நகையை மறு அடகு வைத்துக் கூடுதல் தொகை வாங்கி வருகிறேன். இப்போது கடன் 6,40,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 20 காசு. தங்கம் ஏறியிருப்பதால் இன்னும் இரண்டரை லட்சம் தருவதாகக் கடன் நிறுவனத்தின் முகவர் அழைக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் புதிய பாம்பன் பாலத்தைக் கேட்கிறார்கள். அதைச் செய்ய அந்தப் பணத்தை எடுக்கலாமா? என் தங்கை மகன், சேமிப்புக் கணக்கை முடித்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, மாதாமாதம் வரும் பணத்தில் வட்டியைக் கட்டச் சொல்கிறான். பேத்தியின் காதணி விழாவுக்கு என் மனைவி கவரிங் சங்கிலி போட்டு வந்தார். அன்று முதல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தோடு நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்கங்களையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொரு எஞ்சினும் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த நாளில் சக்கரம் துடைக்கப்பட்டது, எஞ்சினுக்குள் இருந்து அதை இயக்கும் மின்னணுச் சில்லான டீகோடர் எது மாற்றப்பட்டது என்று சிக்னல் பிரிவில் பழகிய கையெழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்யும் ஒருவர் அதே நோட்டில் வண்டி வாடகைக்கு ஒரு பத்தியும் ஒதுக்கவில்லை என்பதைப் பார்த்தபோது, சிக்கல் எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சிக்கனம், காப்பீடு, சேமிப்பு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ரயில்வே ஓய்வூதியரான உங்களுக்கு மருத்துவ வசதியும் இருக்கிறது. ஆகவே உங்களைக் கரைக்கும் ஒரே பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தங்கம் ஏறும்போதெல்லாம் மறு அடகில் கிடைக்கும் மேல்தொகையை வரவாக எண்ணுவது.

கடன் தொகை ஆண்டுவாரியாக 1,80,000, 2,60,000, 3,50,000, 4,60,000, 6,40,000 என்று போயிருக்கிறது. நான்கு மறு அடகுகளில் நீங்கள் பெற்ற மேல்தொகை மொத்தம் 4,60,000 ரூபாய். நீங்கள் சொன்ன வட்டி ஆண்டுக்கு 14.4 சதவீதம் ஆகிறது. அந்த விகிதத்தில் நான்கு ஆண்டுகளுக்கும் 25,920, 37,440, 50,400, 66,240 என்று வட்டி வருகிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக 1,80,000 ரூபாய். முதன்முதலில் எவ்வளவு கடன் வாங்கினீர்களோ அவ்வளவும் வட்டியாகப் போயிருக்கிறது. அதையும் நீங்கள் கையிலிருந்து கட்டவில்லை, புதிய கடனிலிருந்தே கட்டியிருக்கிறீர்கள். மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டியிராததால் வலி தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் கையெழுத்துப் போட்டு, வட்டி கழித்த மீதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். வரும்போது பணம் கிடைத்த நிறைவும் இருக்கிறது. நகைக்கடனில் நான் மிகவும் அஞ்சுவது இந்த நிறைவைத்தான். தங்கம் ஏறியதால் வந்த ஆதாயம் உங்கள் மனைவியினுடையது. அதை ஆண்டுதோறும் அவரிடமிருந்து எடுத்துச் செலவழித்திருக்கிறீர்கள்.

மேல்தொகையில் வட்டி போக மீதி 2,80,000 ரூபாய் எஞ்சின்களுக்குப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களிலிருந்தே ஒரு காட்சியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் கல்யாண மண்டப வாடகை 14,000. குட்டி யானை இரண்டு, போகவும் வரவும் 8,000. உதவியாளர்கள் நால்வருக்கு நாளுக்கு 700 வீதம் 11,200. சாப்பாடும் ஜெனரேட்டர் டீசலும் 5,000. ஆகச் செலவு 38,200. பார்வையாளர் சுமார் 1,100 பேர், பெரியவர் சிறுவர் கட்டணத்தைச் சராசரியாக 25 ரூபாய் என்று கொண்டால் வரவு 27,500. குறைவது ஏறக்குறைய 11,000. காட்சிக்குப் பின் செய்யும் பழுதுபார்ப்பு 4,000 சேர்த்தால் 15,000. ஆண்டுக்கு ஐந்து காட்சிகள் என்றால் 75,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு மூன்று லட்சம். அப்படியானால் அந்த 2,80,000 ரூபாய் எஞ்சின்களுக்குப் போகவில்லை, காட்சிகளின் நட்டத்தில் கரைந்துவிட்டது. எஞ்சின்களை நீங்கள் உங்கள் ஓய்வூதியத்தில்தான் வாங்கியிருக்கிறீர்கள். "காட்சிக்குக் காட்சி இருபத்தைந்தாயிரம் கை மேல் வருகிறது" என்ற உங்கள் வரி, உண்டியலில் விழுந்ததை மட்டும் எண்ணிச் சொன்னது.

அந்த 4,000 ரூபாய் பழுதுபார்ப்புச் செலவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் அது தப்பிக்க முடியாத செலவு. காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் தண்டவாளத்தின் மேல் வெள்ளைத் துணியை ஒரு அடி தூரம் இழுத்துப் பாருங்கள். கரிக்கோடு ஒன்று துணியில் ஒட்டியிருக்கும். அந்தத் தண்டவாள உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம்தான். இரும்பைப் போலத் துருப்பிடிக்காவிட்டாலும் உப்புக்காற்றில் மங்கும். அழுக்கும் சேர்ந்தால் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறாமல் எஞ்சின் தடுக்கி நிற்கும். மோட்டாரின் பிரஷ், தடம் மாற்றும் பாயின்ட்டுகளின் மெல்லிய நாக்கு, லேஅவுட்டைத் தாங்கும் சாதாரணப் பிளைவுட் பேஸ்போர்டு ஆகியவற்றுக்கு ஈரப்பதம் இன்னும் பொல்லாதது. இவற்றையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். நான் சொல்ல வருவது, அடகுக்கடையில் உட்கார்ந்திருக்கும் நகை மதிப்பு ஏறிக்கொண்டிருக்க, அதை வைத்து வாங்கிய பொருளைக் கடற்காற்று நாள்தோறும் தின்றுகொண்டிருக்கிறது என்பதைத்தான். தேய்ந்துபோகும் பொருளை, வட்டி வளரும் கடனில் வாங்கக் கூடாது. அது மாதிரி ரயிலாக இருந்தாலும் மீன்பிடி வலையாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகவர் சொல்லும் இரண்டரை லட்சத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் கடன் 8,90,000 ஆகும். ஆண்டு வட்டி மட்டும் 1,28,000 ரூபாயைத் தாண்டும், அதாவது உங்கள் மூன்றரை மாத ஓய்வூதியம். அடுத்த ஆண்டு தங்கம் ஏறாமல் நின்றாலோ சற்று இறங்கினாலோ மேல்தொகை கிடைக்காது, வட்டியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாதபோது ஏல அறிவிப்பு வரும். இதுவரை உங்களைக் காப்பாற்றியது தங்கத்தின் விலை. அதன் போக்கு உங்கள் கையிலும் இல்லை, முகவர் கையிலும் இல்லை.

தங்கை மகனின் யோசனையில் பாதி சரி, அந்தப் பாதி அவருக்கே தெரியாமல் சரி. சேமிப்புக் கணக்குகளில் ஒன்றை முடிக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பணம் ஃபண்டுக்குப் போகக் கூடாது. எஸ்.டபிள்யூ.பி. என்று இப்போது எல்லாரும் பேசும் மாதாந்திரத் திரும்பப் பெறும் முறையை வட்டி தரும் திட்டம் போல விற்கிறார்கள்; உண்மையில் அது ஃபண்டில் நீங்கள் வைத்திருக்கும் பங்கான சொந்த யூனிட்டுகளை மாதாமாதம் விற்றுக் கொடுப்பது. 6 லட்சத்திலிருந்து மாதம் 7,680 ரூபாய் வட்டி கட்ட எடுத்தால் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறீர்கள். சந்தை ஏறாமல் அப்படியே நின்றால் ஆறரை ஆண்டில் முதல் தீர்ந்துவிடும்; இறங்கினால் அதற்கும் முன்பே. அப்போதும் 6,40,000 ரூபாய்க் கடன் அசையாமல் அப்படியே இருக்கும். இளைஞர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் அறுபதைக் கடந்தவரின் கடனுக்குப் பங்குச் சந்தையை வட்டி கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

6 லட்சம் உள்ள கணக்கை முடித்து, நேராக நகைக்கடனில் கட்டுங்கள். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் 1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய்தான் பிடிப்பார்கள். 5,94,000 கைக்கு வரும். கடைசி மறு அடகுக்குப் பின் மூன்று மாதம் ஆகியிருப்பதால் வட்டி சுமார் 23,000 சேர்த்து நீங்கள் கட்ட வேண்டியது 6,63,000. குறைவது 69,000. உங்களிடம் இருக்கும் பதினொரு எஞ்சின்களில் ஒரே நேரத்தில் ஓடுபவை மூன்று. மாற்று மூன்றை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தைச் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் மாதிரி ரயில் ஆர்வலர்களிடம் விற்றுவிடுங்கள். வெளிநாட்டுப் பொம்மை, மாதிரி வகைகளுக்குச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்ததால், இங்கேயே இருக்கும் நல்ல எஞ்சினைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஒன்றுக்குப் பத்தாயிரம் என்று குறைத்தே வைத்தாலும் 50,000 வரும். மீதியை ஓய்வூதியத்திலிருந்து போடலாம்.

அரசுத் திட்டத்தை உடைப்பதா என்று தயங்குவீர்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு 8.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 49,200 தருகிறது. கடனுக்கு நீங்கள் 92,160 கொடுக்கிறீர்கள். வைத்திருப்பதால் ஆண்டுக்கு 43,000 ரூபாய் நட்டம். 9 லட்சம் உள்ள மற்றொரு கணக்கைத் தொடவே கூடாது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நிபந்தனையில் நிற்கிறது: அந்த நகை இனி லேஅவுட்டுக்காக அடகுக்குப் போகாது என்பதே அது. அதற்கு உங்களால் உறுதி சொல்ல முடியாவிட்டால், சேமிப்பையும் உடைத்து நகையையும் மறுபடி வைத்தவராக இரண்டு ஆண்டில் எனக்கு மீண்டும் எழுதுவீர்கள்.

புதிய பாலத்தைச் செய்யுங்கள், அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேலெழும் பகுதி 72.5 மீட்டர், எச்.ஓ. அளவில் அது 83 சென்டிமீட்டர்தான். முழுப் பாலத்தையும் அளவு பிசகாமல் செய்தால் 24 மீட்டர் வரும், அதற்கு எந்தக் கல்யாண மண்டபமும் போதாது என்பதால் பழைய பாலத்தைச் சுருக்கியது போல இதையும் சுருக்கத்தான் போகிறீர்கள். ஆகவே இரு கோபுரங்களும் ஒரு நடுப்பகுதியும் தூக்கும் மோட்டாரும்தான் தேவை. பிளைவுட்டை லேசரில் வெட்டித் தரும் கடைகளும், சிறிய மோட்டாரை இயக்கக்கூடிய பாலிடெக்னிக் மாணவர்களும் இங்கேயே கிடைப்பார்கள். பேஸ்போர்டுகளையும் சிக்னல்களையும் கையால் செய்த உங்களுக்கு இதற்கு இரண்டரை லட்சம் எதற்கு? காட்சிகளின் உபரியில், பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

உபரி வர வேண்டுமானால் மண்டபம் பிடித்துச் சீட்டு விற்பதைக் குறைக்க வேண்டும். மே மாதம் விடுமுறை என்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் காட்சி வைக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்கு ஆசையும் நேரமும் இருக்கும், வீட்டில் பணப் புழக்கம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குள் குட்டி யானையில் பேஸ்போர்டை ஏற்றுவதும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளிகளோடு ஒப்பந்தம் பேசுங்கள். ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் தலைக்கு 20 ரூபாய் வீதம் 20,000, அரங்கம் பள்ளியினுடையது. வண்டி 8,000, உதவியாளர் இரண்டு நாளுக்கு 5,600, சாப்பாடு 2,000, பழுதுபார்ப்புக்கு 4,000 எடுத்து வைத்தாலும் 400 ரூபாய் மிஞ்சும். சிறிய தொகைதான், ஆனால் 15,000 நட்டத்திலிருந்து அங்கே வருகிறீர்கள். இதைவிடப் பெரிய பள்ளிகளும் கல்லூரிகளும் அமைந்தால் பாலத்துக்கான பணம் சேரும். கொடுக்க முடியாத அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் காட்டுங்கள், அதை நோட்டில் கொடையாக எழுதுங்கள். மைத்துனர் ஊர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இலவசமாகக் கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டிக் கூலியையாவது அவர்கள் கொடுக்க வேண்டும் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

கடனை முடிக்கப் போகும் நாளில் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். 2021-இல் கொடுத்த அடகு ரசீதில் உள்ள உருப்படிகளையும் எடையையும் அவர் கண் முன்னால் சரிபார்த்து வாங்கி, சங்கிலியை அவர் அங்கேயே கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். கடன் கணக்கு முடிந்ததற்கான சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறு அடகுக்கென்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த தாள்கள் ஏதேனும் இருந்தால் அவற்றையும் திரும்பப் பெறாமல் வராதீர்கள்.