மாநில உச்ச நீதிமன்றத்தைத் தாண்டி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: கலிபோர்னியா சிறையில் இருக்கும் என் தம்பியின் தண்டனையை அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் போன வாரம் உறுதி செய்துவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகளை எடுப்பதே அபூர்வம் என்கிறார்கள். நேராக ஃபெடரல் கோர்ட்டில் (மத்திய அரசின் நீதிமன்றத்தில்) ஆட்கொணர்வு மனு, அதாவது சிறைவைத்ததே சட்டவிரோதம் என்று எதிர்க்கும் மனு, போடலாமா?

பதில்: வேண்டாம். எடுப்பது அபூர்வம்தான், ஆனாலும் கேட்டாக வேண்டும். அந்த நீதிமன்றம் விரும்பினால் மட்டுமே விசாரிக்கும் என்றாலும், அங்கும் மனு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று 1999-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு 30 நாளில் இறுதியாகும். அதன்பின் 10 நாளுக்குள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மறு ஆய்வு மனு போய்ச் சேர வேண்டும். ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகுமுன் மாநில வழிகளை முடிக்க மட்டும் மனு போடுபவர்களுக்கென்றே கலிபோர்னியா நீதிமன்ற விதிகளில் 8.508 என்ற விதி இருக்கிறது. வழக்கைப் பற்றிச் சுருக்கமாக எழுதி, 'மாநில வழிகளை முடிப்பதற்காக மட்டுமே' என்று குறிப்பிட்டால் போதும். மறு ஆய்வுக்கு ஏன் தகுதி என்று வாதாட வேண்டியதில்லை.

பலர் கோட்டை விடுவது மனுவின் வாசகத்தில். 'தவறான சாட்சியத்தை அனுமதித்தார்கள், அநியாயம்' என்று மட்டும் எழுதினால் அது மாநிலச் சட்டப் பிரச்சினையாகவே நின்றுவிடும். 1995-இல் டங்கன் எதிர் ஹென்றி வழக்கு இப்படித்தான் கவிழ்ந்தது, அதுவும் கலிபோர்னியா வழக்குதான். 'அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் தரும் உரிமை மீறப்பட்டது' என்று திருத்தத்தின் எண்ணோடு, ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மேல்முறையீட்டில் எழுப்பாத குறையை மாநில உச்ச நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொருகினாலும் பொதுவாகக் கணக்கில் வராது.

வக்கீல் சரியாக வாதாடவில்லை என்பது போல, வழக்குப் பதிவேட்டில் இல்லாத குறை இருந்தால் மாநிலத்திலேயே தனி ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதுவும் மாநில உச்ச நீதிமன்றம் வரை போயாக வேண்டும். ஒரு நீதிமன்றம் தள்ளியதும் 120 நாளுக்குள் அடுத்ததில் போட்டுவிட்டால், தாமதம் என்ற பேச்சு எழாது.

ஃபெடரல் மனுவுக்குக் கெடு ஓராண்டு. மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தபின், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போக உள்ள 90 நாளும் கழிந்த பிறகே அந்த ஆண்டு பொதுவாக ஓடத் தொடங்கும். மறு ஆய்வே கேட்காவிட்டால் அந்த 90 நாளும் கிடையாது. முறையாகப் போட்ட மாநில மனு நிலுவையில் இருக்கும்வரை கடிகாரம் நிற்கும், ஆனால் அதற்கு முன் ஓடிய நாள் திரும்பி வராது. 200 நாள் சும்மா இருந்துவிட்டு மாநில மனு போட்டால், அது முடிந்தபின் கையில் இருப்பது 165 நாள். நீங்கள் நினைக்கிறபடி அவசரப்பட்டு ஃபெடரல் கோர்ட்டில் போட்டாலோ கடிகாரம் நிற்கவே நிற்காது. மனு ஓராண்டு கழித்துத் தள்ளுபடியானால் மாநிலத்துக்குத் திரும்பிப் பயனில்லை.

ஒருவேளை மாநில நீதிமன்றங்களில் கேட்டு முடிந்த குறைகளையும் இன்னும் கேட்டு முடியாதவற்றையும் கலந்து ஃபெடரல் கோர்ட்டில் போட்டுவிட்டால், மனுவைத் தள்ளாமல் நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருக்க வேண்டும், குறையில் சாரம் இருக்க வேண்டும், வேண்டுமென்றே இழுத்தடித்திருக்கக் கூடாது. நீதிபதி மறுத்தால், முடியாத குறைகளை நீக்கிவிட்டு மற்றவற்றோடு தொடரலாம். நீக்கியவற்றைப் பின்னால் இரண்டாம் மனுவாகக் கொண்டுவருவது மிகக் கடினம்.