காவாங்கரையில் குனியும் தலை

கேள்வி: என் மருமகள் ஒரு வழக்கில் சிக்கி, ஒன்றரை ஆண்டாகப் புழல் பெண்கள் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறாள். எட்டு வயதுப் பேத்தி என்னிடம் வளர்கிறாள். அம்மா துபாயில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். செங்குன்றத்தில் என் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, காவாங்கரை வந்தால் மட்டும் ஏனோ தலையைக் குனிந்துகொள்கிறாள். மற்றபடி சமத்து. மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா? பேத்தியிடம் என்ன சொல்வது?
- ஒரு பாட்டி, வியாசர்பாடி

பதில்: ‘ஏனோ’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மூலக்கடையிலும் மாதவரம் ரவுண்டானாவிலும் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்து வருகிற பிள்ளை, சிறைப் பக்கம் வந்ததும் எதற்குக் குனிய வேண்டும்? அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாரோ சொல்லியிருப்பார்கள். தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது உங்களுக்காக. பாட்டி சங்கடப்படக் கூடாதென்று எட்டு வயதில் இத்தனை பெரிய பாரத்தைத் தனியாகச் சுமக்கிறாள். நீங்கள் அதற்குச் சமத்து என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்!

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. துபாய், சிங்கப்பூர், குவைத் என்று ஊர்தான் மாறுகிறது. கணவன் உள்ளே போனால் மனைவி கைக்குழந்தையோடு மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்தித்துப் பேச, வரிசையில் நிற்கிறாள். மனைவி உள்ளே போனால் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது. உங்கள் மகன் ஒருமுறையாவது மனு போட்டு அவளைப் பார்த்தாரா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண் பார்ப்பதைப் பற்றி இருக்கிறது. அவள் குற்றவாளி என்று நீதிமன்றமே இன்னும் சொல்லவில்லை. நாளை சொன்னாலும் அவள்தான் அந்தப் பிள்ளைக்குத் தாய். தாலி கட்டிக் கூட்டி வந்தவளைக் கஷ்டகாலத்தில் கைகழுவுகிற வீட்டுக்கு இன்னொரு பெண்ணை அழைத்து வரும் தகுதி இல்லை. கோபம் வந்தால் வரட்டும், இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆறு வயது வரை குழந்தை சிறையில் தாயோடு இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் வகுத்தது. அதன்பின் அரசு இல்லத்தில் சேர்க்கப்படும் பிள்ளைகூட வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. யாருமற்ற பிள்ளைக்கு இருக்கும் உரிமை, பாட்டியும் அப்பாவும் இருக்கிற உங்கள் பேத்திக்கு இல்லையா?

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஜாமீனுக்கு மனு போட்டிருக்கிறதா, எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள். இது உங்கள் மகன் செய்ய வேண்டிய வேலை.

பேத்தியிடம் இன்று சாயங்காலம் தலை பின்னும்போது பேசுங்கள். உங்கள் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்காது, அவளுக்கும் அது சுலபம். “துபாய் என்று பாட்டி சொன்னது பொய், கண்ணு. அம்மா புழலில் இருக்கிறாள். தப்பு உன்னுடையது இல்லை” என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும், பின்னலை விட்டுவிட்டு மடியில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் அழலாம்.

பிறகு மனு பார்க்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, ஆதாரை எடுத்துக்கொண்டு, அப்பாவும் மகளுமாகக் காவாங்கரையில் இறங்கச் சொல்லுங்கள். உள்ளே கூட்டமும் சத்தமுமாக இருக்கும், பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். என்ன சொல்வது என்று பிள்ளை திகைத்தால் சிரிக்கச் சொல்லுங்கள், போதும். இந்த ஒன்றரை ஆண்டில் அவளுக்கு முன்பல் விழுந்து முளைத்திருக்கும். அவள் அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை.